சத்தியம் பண்ணாத செவ்வாய்க்கிழமை

எங்கள் ஒழுங்கையில் அஞ்சலோவைத் திருத்தாத ஆள் கிடையாது. கோயில் சுவாமி திருத்தினார். அவன் தொழிலுக்குப் போகும் வள்ளத்தின் சொந்தக்காரர் மைக்கல் சம்மாட்டி திருத்தினார். நடக்க ஏலாமல் கதிரையில் கிடக்கிற கிழவர்கள்கூட அவன் போகும்போது கூப்பிட்டு இருத்தித் திருத்தினார்கள். நானும் என் பங்குக்குத் திருத்தியிருக்கிறேன். அத்தனை பேர் திருத்தியும், கடலால் வந்து மீனை இறக்கியதும் கரையில் வலை வைக்கிற வாடிக்குப் பின்னால் போய்ச் சாராயம் குடித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்கு வந்தான்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்ததும் குடிகாரனை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, எரிகிற மெழுகுதிரிக்கு மேலே கையை நீட்டவைத்து, சாகும்வரை தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவது. அஞ்சலோ இதில் நன்றாகப் பழகியவன். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அழவேண்டிய இடத்தில் அழுவான். சனமும் அழும். மைக்கல் சம்மாட்டி கைதட்டுவார். பிறகு கூட்டாளிமார், சத்தியம் பண்ணின சந்தோசத்துக்குக் கடைசிப் போத்தல் என்று சொல்லி அவனை வாடிக்குக் கூட்டிப்போவார்கள்.

இந்த முறை அவன் பெண்சாதி மாகிரட் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டாள்:

"வாற செவ்வாய் கோயில்ல சத்தியம் பண்ணோணும். பண்ணாட்டி அண்டைக்குப் பின்னேர பஸ்ஸில நானும் பிள்ளையும் இலங்கைத்துறைக்கு அம்மாட்டப் போறம். பண்ணிப்போட்டு முறிச்சீங்களெண்டால் அடுத்த நாள் பஸ்ஸில போவம்."

வெறும் வாய்ப்பேச்சில்லை. மகள் அஞ்சலினாவின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையும் எடுத்துவிட்டாள். எடுக்கப் போன அன்றே எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, சிவாஜினி என்றொரு பிள்ளை ஆலோசனை நிலையத்திலிருந்து ஸ்கூட்டரில் அவர்கள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியிருந்ததும் அப்போதுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது தகரவேலி. பழைய தகரத்தில் ஆணி ஓட்டைகள் இருப்பது என் குற்றமில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு உடுப்புக் காயப்போட இருந்ததும் அப்படித்தான்.

படித்த பிள்ளை, ஈரல் அழுகின படமாவது காட்டிப் பயப்படுத்தும் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இது:

"குடிக்கிறதில உங்களுக்கு என்ன பிடிக்கும், அஞ்சலோ அண்ணா?"

என் கையிலிருந்த ஈரச் சாரம் மண்ணில் விழுந்துவிட்டது.

அஞ்சலோவும் திகைத்துப்போனான். காதைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"கரைக்கு வந்து எஞ்சினை நிப்பாட்டினாலும் காதுக்குள்ள அது ஓடிக்கொண்டே இருக்கும், மிஸ். ரெண்டு கிளாஸ் உள்ளுக்குப் போனால்தான் நிக்கும்."

"அது நிக்கேக்க ஆறுதலாத்தான் இருக்கும். பிறகு?"

"பிறகு வீட்ட வந்தால் மாகிரட் ஸ்டார்ட் ஆவாள்."

குசினிக்குள் ஒரு சட்டி தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

சிவாஜினி சிரித்துவிட்டு, குடியை விடவேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

"ஒரு மூண்டு இருக்கும்."

பத்துக்கு மூன்று எடுத்தவனை எங்கள் காலத்து ரீச்சர் வாங்கில் ஏற்றி நிறுத்தியிருப்பார். இவளோ, "ஏன் மூண்டு? ஒண்டு எண்டு சொல்லேல்லையே?" என்றாள். கணக்குத் தெரியாத பிள்ளையை அனுப்பியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலோ விரலை மடக்கி மூன்றுவரை எண்ணிப் பார்த்தான். இதற்கிடையில் எங்கள் ஊர்த் தெருவில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து, கொடியில் கிடந்த என் தலையணை உறையை இழுத்துச் சப்பத் தொடங்கியது. விரட்டினால் சத்தம் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

"அஞ்சலினா முந்தியெண்டால் என்னைக் கண்டவுடன ஓடி வருவாள், மிஸ். இப்ப மெல்லமா வந்து என்ரை சேட்டில மூக்கை வைச்சு மணந்து பாப்பாள். பாத்திட்டுத்தான் அப்பா எண்டு கூப்பிடுறதோ விடுறதோ எண்டு யோசிப்பாள்."

குசினியில் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அவனைத் திருத்திய எங்கள் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. எனக்கே தெரியாதென்றால் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அவள் கடைசியாக வந்தபோது சத்தியத்தைப் பற்றிக் கதை வந்தது.

"முந்திப் பண்ணின சத்தியங்கள் எப்பிடி உதவிச்சுது, அண்ணா?"

"சனத்துக்கு நல்லா உதவிச்சுது, மிஸ்."

"உங்களுக்கு?"

அவன் எழும்பிப் போய் அவளுடைய ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினான். அவளும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பதிலை வாங்காமல் போகிற பிள்ளையை என்ன சொல்வது? நானென்றால் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கேட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பிவிட்டது. அந்தோனியார்மேல் உள்ள பக்தியால் மட்டும் வந்த கூட்டமில்லை. மாகிரட் பெரிய உடுப்புப் பையோடு வந்து வாசலில் நின்றாள். பக்கத்தில் பிள்ளை. பூசை முடிந்ததும் சம்மாட்டி மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

"வா மகன், முன்னுக்கு வா. கையை நீட்டு."

அஞ்சலோ முன்னுக்கு வந்தான். கையை நீட்டவில்லை.

"சம்மாட்டி, நான் சத்தியம் பண்ணமாட்டன்."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? மனிசி பையோட நிக்கிறாள்!"

"அவள் நிக்கிறபடியால்தான் மாட்டன் எண்டுறன். சத்தியம் பண்ணினால் நானும் அழுவன், நீங்களும் அழுவீங்கள். பிறகு பின்னேரம் எல்லாருமாச் சேந்து என்னை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போவீங்கள்."

பின்னால் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள்.

"அப்ப குடிக்கப்போறாய் எண்டு சொல்லு!"

"சாகும்வரைக்கும் குடிக்கமாட்டனோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை அந்தோனியாருக்குச் சொல்ல ஏலாது."

"அந்த மிஸ்தான் இதெல்லாம் சொல்லித் தந்தவவோ?"

"அவ ஒண்டுமே சொல்லித் தரேல்லை. அதுதான் கரைச்சலே."

பிறகு அவன் மாகிரட் பக்கம் திரும்பினான். இந்த முறை அவன் அழவில்லை.

"இண்டைக்கு மீன் இறக்கினவுடன நேரா வீட்ட வாறன். காது இரைஞ்சால் உன்னோட இருந்து கதைப்பன், இல்லாட்டி மிஸ்ஸிட்டப் போவன். குடிக்கோணும் போல கிடந்தால் சொல்லுவன். குடிச்சாலும் நானே வந்து சொல்லுவன். பிள்ளை என்னை மணந்து பாக்கத் தேவையில்லை. இவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

கோயிலில் இருந்த அத்தனை கண்ணும் மாகிரட்டின் பையைத்தான் பார்த்தன. பின்னேரம்வரை நில்லாமல் இப்போதே பஸ் தரிப்பிடத்துக்குக் கிளம்புவாள் என்று நானும் ஒதுங்கி வழிவிட்டேன்.

அவள் சம்மாட்டியைப் பார்த்தாள். "இவர் இந்த இடத்தில நிண்டு பொய் சொன்ன நேரமெல்லாம் கைதட்டினீங்கள், மாமா. இண்டைக்குத்தான் உண்மை சொல்லுறார். ஏசுறீங்கள்."

சம்மாட்டி மெழுகுதிரியை ஊதி அணைத்தார். வேறென்ன செய்வார்?

"பின்னேர பஸ் போகட்டும்," என்றாள் மாகிரட், புருசனைப் பார்த்து. "நாளைக்கும் பஸ் ஓடும்."

அவர்கள் மூன்று பேரும் முன்னால் நடந்தார்கள். பையை நான்தான் தூக்கிவந்தேன். எங்கள் ஒழுங்கைப் பிள்ளையள் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறார்கள், வெளிநாடு போயிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. ஒவ்வொரு படலையிலும் பையை இறக்கிவைத்துக் கதை சொல்லவேண்டியிருந்ததால் வீடு போய்ச்சேர மத்தியானமாகிவிட்டது.

மறைக்கமாட்டேன், அதற்குப் பிறகும் அவன் ஒருமுறை குடித்தான். கட்டைபறிச்சானில் ஒரு கலியாண வீட்டில். அங்கிருந்த என் மச்சாள் போனில் சொன்ன உடனே வேலியடிக்கு ஓடினேன்.

"மாகிரட்! கேள்விப்பட்டியோ?"

"ஓம் மெற்றில்டா அக்கா," என்றாள் அவள். முகம் இறுகித்தான் இருந்தது. "அவர் வந்து சொல்லிட்டார். நாளைக்கு மிஸ்ஸிட்டப் போறாராம். பிளேன்ரீ ஊத்துறன், உங்களுக்கும் தரவோ?"

இத்தனை வருசத்தில் என்னை முந்திக்கொண்டு ஒரு செய்தி அந்த வீட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு பிளேன்ரீயைக் குடித்தேன். அடுத்த நாள் மீன் சந்தையில் பக்கத்து ஒழுங்கைக்காரி தன் மருமகன் எஞ்சினியரைப் பற்றி அளக்கத் தொடங்கினாள். முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அது கிடக்கட்டும், எங்கட அஞ்சலோவைத் தெரியுமோ உமக்கு?" என்று கூடையை இறக்கிவைத்தேன்.