பிணத்துக்கு வசனம் இல்லை

உத்தமபாளையத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முத்துராஜாவுக்கு இரண்டு தொழில். பகலில் கிணற்று மோட்டாருக்கு உதிரிபாகம் விற்பது, பொழுது சாய்ந்தால் கலையை வளர்ப்பது. முதல் தொழிலில் கெட்டிக்காரர். எந்த மோட்டார் எதனால் நின்றது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இரண்டாவது தொழிலில் எது நின்றாலும் தன்னால்தான் நின்றது என்று தெரிந்துகொள்ள அவருக்கு எட்டு வருசம் பிடித்தது.

'முளைப்பாரி நாடகக் குழு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். புது நாடகம் மட்டும்தான் போடுவது, புதிதாக எழுத வருகிறவர்களைத் தூக்கிவிடுவது என்பது கொள்கை. போடி, கம்பம், வருசநாடு என்று எங்கே எழுதத் தெரிந்த பிள்ளை இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் தேடிப் போய்க் கூட்டிவருவார். கடைக்குப் பின்னால் குடோனில், பிவிசி குழாய்களுக்கு நடுவே உட்காரவைத்து, பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, எழுதியதைத் திருத்துவார். திருத்தம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கதாநாயகனுக்கு நீளமாக ஒரு வசனம் சேர்ப்பார். பிறகு கதாநாயகனாக அவரே நடிப்பார்.

அப்படித் தூக்கிவிடப்பட்டவர்களில் முதல் ஆள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிவிட்டார். அடுத்தவர் துபாய்க்குப் போனார். கருத்தக்கண்ணன் என்று ஒரு பையன் நன்றாக எழுதுவான். இப்போது கடைவீதியில் முத்துராஜாவைப் பார்த்தால் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொள்கிறான். பார்க்க வருகிற கூட்டமோ நடிகர்களின் வீட்டார், அப்புறம் கூடத்தைப் பூட்டச் சாவியோடு காத்திருக்கும் காவல்காரர். சனங்களுக்கு ரசனை இல்லை என்று முத்துராஜா பல வருசம் சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் மாசியில் சுபாஸ்ரீ வந்தாள். சின்னமனூரில் தனியார் பள்ளியொன்றில் டீச்சர். முதல் நாடகம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பெயர் 'அய்யா போயிட்டாக'. முத்துராஜா முதல் பக்கத்தைப் புரட்டினார். வருகிறவர்களெல்லாம் அய்யாவைப் பற்றியே பேசுகிறார்கள். மேடையின் நடுவில் அய்யா. அந்த வேசத்தைத் தானே கட்டுவதாக அங்கேயே சொல்லிவிட்டார். இரண்டாம் பக்கம் போனபோதுதான் தெரிந்தது, நாடகம் தொடங்கும்போதே அய்யா செத்துப்போயிருந்தார். கடைசிவரை பெஞ்சில் பிணமாகக் கிடக்கவேண்டியதுதான்.

கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? திருத்தம் செய்தார். முடிவுக்குச் சற்று முன்னால் மூத்த மகள் பிணத்தைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கய்யா" என்று கேட்கிற இடம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே சுபாஸ்ரீ 'மௌனம்' என்று எழுதியிருந்தாள். அறியாத பிள்ளை, வசனம் எழுத மறந்துவிட்டது என்று முத்துராஜா இரக்கப்பட்டார். அந்த இடத்தில் அய்யாவின் ஆவி எழுந்து பேசுவதாக ஒரு வசனம் எழுதினார். பாசம், பூமி, முல்லையாற்றுத் தண்ணீர் எல்லாம் அதில் வந்தன. கேட்கிறவர்கள் அழுதே தீரவேண்டும்.

சுபாஸ்ரீ ஒத்துக்கொள்ளவில்லை. பிணம் பேசினால் நாடகமே இல்லை என்றாள். சரி, வேண்டாம் என்று அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தினமும் குளியலறையில் அந்த வசனத்தைப் பாடம் செய்தார். ஒத்திகையில் அந்த இடம் வந்தால், மிச்சத்தை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவார். அதனால் அந்த மௌனத்துக்குப் பிறகு அம்மா வேசம் கட்டிய கிருபாவதி என்ன பேசுவார் என்பதை ஒரு ஒத்திகையிலும் யாரும் கேட்டதில்லை. கிருபாவதி தேனி பஜாரில் பாத்திரக் கடை நடத்துகிறவர். குரல் எழுப்பத் தெரியாத மனுசி. அவரும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

அடுத்தது போஸ்டர். அச்சகத்துக்குக் கொடுக்க மேட்டர் எழுதியபோது, 'நாடகம்' என்ற வார்த்தையும் 'எழுதியவர் சுபாஸ்ரீ' என்ற வரியும் முத்துராஜாவின் போட்டோவுக்கு இடைஞ்சலாக இருந்தன. இரண்டையும் எடுத்தார். மிஞ்சியது இவ்வளவுதான்: 'அய்யா போயிட்டாக. முத்துராஜா. ஞாயிறு மாலை ஆறு மணி. சமுதாயக் கூடம். அனைவரும் வருக. இவண், முளைப்பாரி குடும்பத்தார்.' மேட்டரையும் போட்டோவையும் கவரில் போட்டு, அச்சகம் இருக்கிற சின்னமனூருக்கு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார்.

அச்சகக்காரர் செல்வமணி நல்ல மனிதர். அவர் அடிப்பதில் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலிதான். மேட்டரைப் படித்தவர் கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, போட்டோவுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். சுற்றிலும் கறுப்புக் கரை கட்டினார். துக்க வீட்டில் போய் 'அனைவரும் வருக' என்று போடுவது முறையில்லை என்று அதை எடுத்துவிட்டு 'கண்ணீருடன்' என்று போட்டார். தெரிந்த மனிதர் என்பதால் காகிதமும் உயர்ந்த ரகமாகப் பார்த்து அடித்து, தன் ஆட்களை வைத்தே ஞாயிறு காலையில் கம்பம் வரைக்கும் ஒட்டச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. முத்துராஜா விடிந்ததுமே கூடத்துக்குப் போய் மேடை கட்டிக்கொண்டிருந்தார். கடை அடைத்திருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது. ஊருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அவர் மனைவி தேவயானியைக் கட்டிப்பிடித்து அழ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போதுதான் மூன்று தோசை தின்றுவிட்டுப் போனார் என்று அவள் முதலில் வந்தவர்களுக்குச் சொல்லிப் பார்த்தாள். சாவதற்கு முன்னால் அப்படித்தான் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று அவர்கள் இன்னும் அழுதார்கள். மத்தியானத்துக்குமேல் அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கூடத்துக்குப் போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிட்டாள்.

சுபாஸ்ரீ பசை காயாத ஒரு போஸ்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முத்துராஜா அப்போது மூக்கில் பஞ்சு வைத்து, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். குத்துவிளக்கையும் கறுப்புக் கரையையும் பார்த்து அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதே என்ற சந்தோசம்தான். அதற்காகப் பின்னால் அவர் எத்தனையோ தடவை தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

"என் பேரு எங்கண்ணே?" என்றாள் சுபாஸ்ரீ.

இடம் பற்றவில்லை என்று அவர் ஏதோ சொன்னார்.

"அண்ணே, முளைப்பாரிய இருட்டுக்குள்ள வச்சு வளக்குறாக. ஊரெல்லாம் தூக்கிட்டுப் போறாக. கும்மி அடிக்கிறாக. அப்பறம் என்ன செய்றாக?"

"ஆத்துல கரைப்பாக."

"தெரிஞ்சுதான் பேரு வச்சீகளா?"

எட்டு வருசமாக அந்தப் பெயரை ரப்பர் ஸ்டாம்பில் குத்திக்கொண்டிருந்தவருக்கு அது உறைத்ததே இல்லை.

"அடுத்த நாடகம் பாதி எழுதி வச்சிருக்கேன்ணே. இன்னைக்குப் பொணம் வாயத் தொறந்துச்சுன்னா, அத அடுப்புல வச்சிட்டு நான் பள்ளிக்கூடத்தப் பாத்துப் போயிருவேன்." அழுகை இல்லாமல் இதைச் சொல்லிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் சும்மா சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்ய? ஆசை வெட்கம் அறியாது. பெஞ்சில் மல்லாந்து, நெற்றியில் காசோடு கிடந்தபோதும் உள்ளுக்குள் வசனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆறு மணிக்கு முன்னாலேயே கூட்டம் வந்துவிட்டது. வடுகபட்டியிலிருந்து மச்சினன் வீரபாண்டி வேன் பிடித்து, சாதிசனத்தோடு, ஆளுயர மாலையோடு வந்து இறங்கினான். "மச்சான், எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று அலறிக்கொண்டு மேடை ஏறி, மாலையைப் போடக் குனிந்தவன் அப்படியே நின்றான். மச்சானின் வயிறு ஏறி இறங்கியது.

"மாப்ள, நாடகந்தான்டா. கத்தாத. போயி உக்காரு" என்றது பிணம், உதடு அசையாமல்.

வீரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு மாலையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் பக்கத்து ஆளின் காதில் சொன்னான். சாகவில்லையாம், நாடகமாம் என்று வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஒரே முணுமுணுப்பு. அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. துட்டிக்கு வந்தவர்கள் பிணத்தை எடுக்காமல் எழுந்து போவது எந்த ஊர் வழக்கம்? உயிரோடு இருந்தாலும் மூக்கில் பஞ்சு வைத்த பிணம் நடுவில் கிடக்கிறதே. முத்துராஜா ஒரு கண்ணை மயிரிழை திறந்து பார்த்தார். கூடம் நிறைந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு வருசம் கொள்கையால் வராத கூட்டம் ஒரு கறுப்புக் கரையால் வந்திருந்தது.

நாடகம் தொடங்கியது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பாண்டியம்மாள் மூத்த மகளாக வந்தாள். மற்ற பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் அய்யாவைப் பற்றிப் பேச வாயெடுக்கிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள். அந்த வீட்டில் அய்யா இருந்தவரை யாரும் ஒரு பேச்சை முடித்ததில்லை. பாதியிலேயே அவர் வாங்கி முடித்துவைப்பார். இப்போது முடிக்க ஆள் இல்லை, இவர்களுக்கோ முடித்துப் பழக்கம் இல்லை. முதலில் சனங்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது. ஒத்திகையில் முத்துராஜா இதையெல்லாம் காதில் வாங்கியதே இல்லை, அடுத்து தான் எப்படி எழவேண்டும் என்ற யோசனையிலேயே இருந்தார். இப்போது அசையாமல் கிடக்க, வேறு வழியில்லாமல் கேட்டார். இந்த அய்யாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்தபோது நெற்றிக் காசு சுட்டது.

பாண்டியம்மாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்களே சொல்லுங்கய்யா" என்றாள்.

வசனம் தொண்டை வரை வந்துவிட்டது. கூடம் நிறைந்த சனம். இன்னொரு முறை வாய்க்குமா? எழுந்து உட்கார்ந்தால் போதும், செத்தவன் பிழைத்தான் என்று கூரை இடியக் கைதட்டுவார்கள். கழுத்து தானாக எழப் பார்த்தது. பக்கவாட்டில் திரை ஓரமாகச் சுபாஸ்ரீ தெரிந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.

முத்துராஜா செத்துப்போனார். வாழ்நாளில் அவர் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

மௌனம் நீண்டது. கூடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு கிருபாவதியின் மெல்லிய குரல் கேட்டது. "எனக்குக் காப்பி பிடிக்காதுடி. எனக்குக் காப்பின்னா உசுருன்னு அவுகளா எல்லார்கிட்டயும் சொன்னாக. நானும் முப்பது வருசமாக் குடிச்சேன். ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுடி."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்து, சிரிப்பு நடுவிலேயே அடங்கிப்போய், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, முன்வரிசையிலிருந்து, "எனக்குந்தான்" என்றது ஒரு குரல். சத்தமாக இல்லை. ஆனாலும் அது தேவயானியின் குரல் என்று முத்துராஜாவுக்குத் தெரியாதா? என்ன பிடிக்காது என்று கேட்கவும் வழியில்லை. அவர் பிணம்.

நாடகத்தின் முடிவில் அய்யாவைத் தூக்குகிறார்கள். நடிகர்கள் பெஞ்சைத் தூக்கியதும் சனங்கள் முறைப்படி எழுந்து நின்றார்கள். வீரபாண்டி தானாக ஓடிவந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மச்சானைக் கூடத்துக்கு வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், குழாயடியில் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். எழுதியது யார் என்று உள்ளே கேட்டார்கள். சுபாஸ்ரீயை மேடைக்கு இழுத்துவந்தார்கள். கைதட்டல் வெளியே வந்து குழாயடியில் கிடந்தவர் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அது சந்தோசம்தான் என்று அவருக்கே நம்ப முடியவில்லை.

தேவயானி வந்து குனிந்து கால்விரல் கட்டை அவிழ்த்தாள்.

"ஒனக்கு என்ன பிடிக்காது?" என்று கேட்டார்.

"நீங்க நடிக்கிறது" என்றாள். நெற்றிக் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றாள்.

சற்றுக் கழித்து சுபாஸ்ரீ வந்தாள். பை தோளிலேயே இருந்தது. முகம் கழுவினதுபோல் இருந்தது. முத்துராஜா மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். அடுத்த நாடகத்தில் தனக்கு என்ன வேசம் என்று கேட்கத்தான் வாயெடுத்தார். அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"லைட்டு போட ஆளு இல்லண்ணே. கிருபாக்கா பேசும்போது அவுக மொகமே யாருக்கும் தெரியல" என்றாள்.

ஒளி என்றால் என்ன, இருள் என்றால் என்ன என்று ஒரு நீண்ட வசனம் அந்த நிமிசமே முத்துராஜாவின் வாயில் வந்து நின்றது. கரண்டு சாமான் விற்கிறவர், பொருத்தமாகத்தான் பேசியிருப்பார். அதை விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்றார்.