காயாத பெண்ணும் ராஃப்டிங் பயிற்சி மையமும்

ராஃப்டிங் பயிற்சி மையத்தின் முதல் வகுப்பில் ஆற்றில் விழுந்த பெண் பதினோரு ஆண்டுகளாகக் காயவில்லை. விழுந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. ரப்பர் படகு முதல் பாறையைத் தாண்டியதும், உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டியவள் எழுந்து நின்று கரையிலிருந்த தோழிக்குக் கையசைத்தாள். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பதைத்தான் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் பாடமாக நடத்தியிருந்தார்கள். நான்கு நிமிடம் கழித்து, பயிற்சியாளர் வீசிய கயிற்றைப் பிடித்துக் கரையேறினாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தலைமுடியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் தண்ணீர் மட்டும் சொட்டியது. மாலை வரை சொட்டியது. அந்த வாரம் முழுக்கச் சொட்டியது.

அம்மா வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்துத் துவட்டிப் பார்த்தாள். ஹேர் டிரையர் பிடித்ததில் டிரையர்தான் கெட்டது. "வேணும்னே பண்றியாடி?" என்று கேட்டாள். "ஆமாம்மா, எனக்கு வேற வேலையே இல்ல பாரு" என்றாள் மகள். மருத்துவர் அவள் விரல் நுனியில் சொட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தண்ணீர் நல்ல தண்ணீர், கவலைப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாளைக்கு ஈரத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். அவள் அறைத் தரையில் ஓட்டை போட்டு, தோட்டத்துக்குக் குழாய் இறக்கினார்கள். நேர்காணலுக்குப் போன இடங்களில், அவள் பெயர் கூப்பிடப்படும் முன்பே சான்றிதழ்கள் கூழாகிவிட்டன. அவளைக் காதலித்தவன் மூன்று மாதம் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்து சந்தித்தான். பிறகு தனக்குச் சளி ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்தான். அவள் அழுதாள். அதை யாராலும் தனியாக அடையாளம் காண முடியவில்லை.

ஈரத்தைப் பற்றி யாரும் மூக்கைச் சுளிக்காத ஒரே இடம் என்பதால் பயிற்சி மையத்துக்கே திரும்பி வந்து, கயிறு சுருட்டும் உதவியாளராகச் சேர்ந்தாள். மையத்தின் இயக்குநர் அலுவலக நாற்காலியில்கூட லைஃப் ஜாக்கெட்டோடு உட்காருபவர். ஆற்றை அவர் ஜன்னல் வழியாக மட்டுமே அறிவார். பணி நேரத்தில் ஈரமாக இருப்பது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அவள் எழுதிக் கொடுத்த விளக்கம் மை கரைந்து தாள் முழுக்க நீலமாக வந்து சேர்ந்தது. திருப்திகரம் என்று குறிப்பெழுதி கோப்பை மூடினார்.

அவளைக் கயிறு வீசிக் கரையேற்றிய பயிற்சியாளரை எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வாக்கியங்களை அவள் விசிலாலேயே பேசுவாள். மீதிப் பாதி திட்டு. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லித் தரும் அதே மூச்சில், ஆற்றுக் கற்களைப் புரட்டிப் பார்க்கவும் சொல்லித் தருவாள். "கல்லுக்கு அடியில புழு நெளியணும். நெளியலைன்னா, நீங்க படகு விடுறது சாக்கடையில." அந்தப் புழுக்கள் காயாத பெண்ணின் முழங்கை மடிப்பிலும் நெளிந்ததை விசிலக்காதான் முதலில் பார்த்தாள். அதிலிருந்து மாணவர்கள் கல்லைப் புரட்டும் சிரமமில்லாமல் சூழலியல் படித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளிடமிருந்து சிவப்பாகச் சொட்டியது. புழு ஒன்றுகூட இல்லை. ஆற்றில் மேலே இருந்த சாயப்பட்டறையின் முதலாளிதான் மையத்தின் சுற்றுச்சூழல் குழுத் தலைவர். ஆற்றில் என்ன கலக்கிறது என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது என்பதால் பொருத்தமான நியமனம். அவர் வந்து பார்த்துவிட்டு, பெண்ணின் சட்டை சாயம் போகிறது என்றார். இரண்டு மணி நேரம் கழித்து ஆறும் சிவப்பாக வந்தது. ஆறு சட்டை போடுவதில்லை என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் மேலே நடப்பது அவள் உடம்பில் இரண்டு மணி நேரம் முன்னதாகத் தெரிகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டு, பாதுகாப்பு வாரத்தை விழாவாகக் கொண்டாடுவது என்று முடிவானது. பதினான்கு மாணவர்களோடு தானே படகில் போவதாக இயக்குநர் அறிவித்தார். காலை எட்டு மணிக்கு, கயிறு சுருட்டிக்கொண்டிருந்த காயாத பெண்ணின் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதை விட்டுவிட்டுக் கொட்டத் தொடங்கியது. சேறும் சருகுமாகக் கொட்டியது. அந்த வேகத்தில் நிற்க முடியாமல் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பெருசா வருது. யாரையும் ஆத்துல இறக்காதீங்க" என்றாள். விசிலக்கா மூன்று முறை விசிலடித்தாள். பதினான்கு பேரும் படகிலிருந்து இறங்கி மேட்டில் ஏறி நின்றார்கள்.

"நீர்மட்டம் சாதாரணம்னு அறிக்கையே வந்திருக்கும்மா" என்றார் இயக்குநர்.

"அறிக்கை நனையாது சார். இவளப் பாருங்க."

விசிலக்காவை அந்த இடத்திலேயே பணியிடை நீக்கம் செய்துவிட்டு, இயக்குநர் காலிப் படகில் தனியாக ஏறினார். கட்டியிருந்த படகுதான், ஒரே ஒரு புகைப்படம்தான். மேகம் விலகி நல்ல வெளிச்சம் வரட்டும் என்று புகைப்படக்காரர் பத்து மணி வரை காத்திருந்தார். வெளிச்சத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தது. கட்டு அறுந்தது, படகு புரண்டது, இயக்குநர் ஆற்றை முதன்முதலாக நேரில் சந்தித்தார். பதற்றத்தில் தரையைத் தேடிக் காலூன்றப் பார்த்தார். காயாத பெண் தள்ளாடி எழுந்தாள். அந்தத் தண்ணீர் எங்கே சுழிக்கும், எந்தப் பாறை இடுக்கில் கால் மாட்டும் என்பது அவளுக்குத் தன் வயிற்றுக்குள் ஓடுவதுபோலத் தெரிந்தது.

"காலை ஊனாதீங்க சார்! மல்லாந்து படுங்க! காலை முன்னால நீட்டுங்க!"

பிறகு, அவர் இருந்த இடத்துக்கு அல்ல, அவர் போகப்போகும் இடத்துக்குக் கயிற்றை வீசினாள். பதினான்கு மாணவர்களும் அவள் இடுப்பைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக நின்று இழுத்தார்கள். கரையேறிய இயக்குநர் அரை மணி நேரத்தில் முழுசாகக் காய்ந்துவிட்டார். சிலரிடம் ஆறுகூட ஒட்டுவதில்லை. மாணவர்களை முன்கூட்டியே கரையில் நிறுத்தி வைத்த அவருடைய தொலைநோக்கை விசாரணை அறிக்கை பாராட்டியது. மாணவர்களின் பெற்றோர் வாசலில் வந்து உட்கார்ந்த பிறகு, விசிலக்காவின் பணியிடை நீக்கம் தட்டச்சுப் பிழை என்று தெரிய வந்தது. காயாத பெண் பயிற்சியாளராக உயர்த்தப்பட்டாள். தற்காலிகமாக, இன்றும் தற்காலிகம்தான்.

போன கோடையில் ஆறு வற்றியது. மணல் வெடித்து, மடுக்களில் மீன்கள் முதுகு வெளியே தெரியக் கிடந்தன. மையத்தை மூடவில்லை, 'வறட்சிக் காலத்தில் ராஃப்டிங்' என்ற தலைப்பில் ஜன்னலை மூடிக்கொண்டு இயக்குநர் வகுப்பெடுத்தார். அவளிடமிருந்து மட்டும் சொட்டுவது நிற்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. அவள் போய் ஆற்று நடுவில் மணலைத் தோண்டிப் படுத்துக்கொண்டாள். குழி நிறைந்து, நூலளவு ஓட்டம் எடுத்தது. மாணவர்கள் வாளிகளில் மீன்களையும், ஈரத் துணியில் புழுக்கள் ஒட்டிய கற்களையும் கொண்டுவந்து அதில் விட்டார்கள். அம்மா தினமும் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டு, "புரளாதடி, மீன் நசுங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் அவள் முகம் கருத்தது. இரண்டு தடவை எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். விலாவில் மீன் குஞ்சுகள் ஒதுங்கியிருந்ததால் அசையவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் மேலே மழை பெய்து ஆறு வந்தது. மீன்கள் ஆற்றோடு நீந்திப் போயின. அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் விடுப்புக் கேட்டாள். காரணம் என்ற இடத்தில் முதுகுவலி என்று எழுதினாள். இயக்குநர் பரிவோடு பரிசீலித்து, அரை நாள் கொடுத்தார்.