சுட்ட இடத்தின் அளவு

ஸ்கேன் துறையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து நாலே மாதம். நாற்பது வருஷ அனுபவம் வந்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. அதற்குள் பெரிய டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அவளுடைய சித்தப்பாவின் இடது சிறுநீரகத்தில் இருந்த புற்றுக்கட்டியை அவர்தான் கத்தி வைக்காமல், ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, அதன் முனைச் சூட்டில் சுட்டுக் கருக்கியிருந்தார். ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தை அவள் கணினியில் திறந்து அளந்தாள். கட்டி முன்பு மூன்று சென்டிமீட்டர். இப்போது அந்த இடம் நாலரை. மறுபடி அளந்தாள், நாலரையேதான். பெரிய டாக்டரின் அறிக்கையிலோ, சிகிச்சை முழுமை என்று ஒற்றை வரி.

அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளைக் கண்டதும் அவர் பேச்சை நிறுத்தியது, டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். மூடி மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள். அன்று மாலையே சித்தப்பாவிடம் போய், "அவங்க சொல்றதை நம்பாதீங்க. கட்டி வளர்ந்திருக்கு" என்றாள்.

சித்தப்பா வேறு மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த அறுவை மருத்துவர், அவசரமில்லை, மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் சொன்னார். இவர் காதில் ஏறவில்லை. வீட்டுப் பெண்ணே சொல்லிவிட்டாளே, அதற்கு மேல் என்ன? பிடித்த பிடியில் நின்று அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய டாக்டர் பயிற்சி வகுப்பு எடுத்தார். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே சுடுவோம், அதனால் முதல் மாதம் அந்த இடம் கட்டியைவிடப் பெரிதாகத்தான் தெரியும், அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், சாய மருந்து ஏற்றியதும் ஒளிர்கிறதா என்று மட்டும் பாருங்கள், உயிருள்ள கட்டிதான் ஒளிரும் என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். சித்தப்பாவின் படத்தில் அந்த இடம் ஒளிராமல் கறுத்துத்தான் கிடந்தது.

மறுநாள் ஆய்வக முடிவும் வந்தது. எடுத்த சிறுநீரகத்தில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை.

வெட்கமும் பயமுமாகச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். எதையும் மறைக்கவில்லை.

"தப்பு என்னோடது சித்தப்பா. கட்டி அப்பவே செத்துப்போச்சு. எனக்குத்தான் பார்க்கத் தெரியல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விலாவைப் பிடித்தபடி மெல்ல எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி உன்னை மிரட்டுறாங்களா?"