இரண்டு மணி நேரக்காரர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில், யாரை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்று பதினொரு வருஷமாக முடிவு செய்தவள் அவள்தான். பன்னிரண்டு மெக்கானிக்குகளும், அவளைவிட மூத்தவர்கள் உட்பட, அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். காலையில் போனை எடுத்தால் சாயங்காலம் வரை காது சூடாகவே இருக்கும். "பத்து மணிக்கு வர்றேன்னாங்க, பன்னெண்டாச்சு" என்று ஒரு பக்கம். "அக்கா, இங்க வேலை இழுக்குது, அடுத்த இடத்துக்குச் சொல்லிடுங்க" என்று இன்னொரு பக்கம்.

அதனால் ஏஐ சிஸ்டம் வந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. மூன்று வருஷத்துப் பழைய வேலைகளைப் படித்துவிட்டு, எந்த வேலைக்கு எந்த மெக்கானிக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது முன்கூட்டியே சொன்னது. பெரும்பாலும் சரியாகவே சொன்னது. அதை வைத்து யாருக்கு எந்த வேலை என்ற பட்டியலையும் அதுவே போட்டது. வாங்கும் திட்டு பாதியாகக் குறைந்தது. மத்தியானச் சாப்பாட்டை அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டாவது மாதம் மேனேஜர் ஒரு பட்டியலோடு வந்தார்.

"இதப் பாரும்மா. மத்தவங்க ஒரு மணி நேரத்துல முடிக்கிறாங்க. நம்ம நிதானத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரம். பேரு சும்மா வைக்கல போல. ஒண்ணாந்தேதியிலேருந்து அவரை குடோன்ல போட்டுடலாம்."

நிதானம் என்பது மெக்கானிக்குகள் வைத்த பட்டப்பெயர். ஐம்பதை நெருங்கும் மனிதர்; அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்று சாயங்காலம் அவரே அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"அக்கா, எம்மேல ஏதாவது வருத்தமா?"

"ஏண்ணே அப்படிக் கேக்கறீங்க?"

"எல்லாருக்கும் ஆறு வேலை வருது, எனக்கு மூணுதான். அதுவும் பல்பு மாத்துற மாதிரி வேலை. மூணு மணிக்கே வீட்டுக்குப் போனா, உடம்புக்கு என்னன்னு சம்சாரம் கேக்குது. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டு ஆறு மணிக்குப் போறேன்."

"பாக்கறேண்ணே" என்றாள்.

மறுநாள் அவருடைய பழைய வேலைகளின் பதிவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதிக்கு மேல், வேறு யாரோ போய் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு வந்து, பத்தே நாளில் மறுபடி நின்றுபோன லிஃப்ட்டுகள். அப்படித் தலைவலி வரும்போதெல்லாம் அவள் நிதானத்தைத்தான் அனுப்பினாள். அவர் கோளாறின் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். அந்த இடத்திலிருந்து மறுபடி போன் வராது. இதெல்லாம் அவள் மனசில் இருந்ததே தவிர, பதிவின் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. சிஸ்டம் பார்த்தது நேரத்தை மட்டும்தான். அவர் பெயரைக் கெடுத்தது அவர்மேல் தான் வைத்த நம்பிக்கைதான் என்று அவளுக்குப் புரிந்தது. நேராக மேனேஜரிடம் போனாள்.

"அவர் மெதுவானவர் இல்ல சார். கஷ்டமானதையெல்லாம் நான்தான் அவர் தலையில கட்டினேன்."

மேனேஜர் யோசித்தார். "உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே?"

"தெரிய வைக்கிறேன். ஒரு வாரம் குடுங்க."

அப்படித் தலைவலி கொடுத்த லிஃப்ட்டுகளின் புகார்கள் மட்டும் ஆயிரத்து நானூறு. ஒவ்வொன்றுக்கும், முன்னால் எத்தனை பேர் போனார்கள், ஒரு மாதத்துக்குள் அதே லிஃப்ட் மறுபடி நின்றதா என்று எழுதினாள். கண் பூத்துப்போனது. சிஸ்டத்தை நிறுவிய பெண் அதையெல்லாம் உள்ளே ஏற்றித் தந்தாள். புதுக் கணக்கு வந்தது: அந்த மாதிரிப் பழுதுகளுக்கு மற்றவர்கள் மூன்று தடவை போய் ஐந்து மணி நேரம், நிதானம் ஒரே தடவை, இரண்டு மணி நேரம்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "குடோன் பேச்சை விட்டுடு" என்றார்.

நடந்ததை அவளே நிதானத்திடம் சொன்னாள். "எல்லாம் என்னாலதாண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"அடப்பாவமே! வம்பு பிடிச்ச லிஃப்ட்டா பாத்து எனக்கே குடுக்கறீங்களே, என்ன பகையோன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். வீட்டுல உங்களத் திட்டாத நாளில்ல."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

கிளம்பும்போது அவர் தயங்கிச் சொன்னார்: "வாரத்துக்கு ஒண்ணாவது சுலபமானது குடுங்கக்கா. முதுகு தாங்கல."

வெள்ளிக்கிழமை அவள் தன் கையாலேயே அவர் பட்டியலை மாற்றி, கதவு சரியாக மூடாத ஒரு லிஃப்ட்டைப் போட்டாள். அரை மணி நேரம் என்றது சிஸ்டம். அவர் ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். மற்ற மாடிக் கதவுகளுக்கும் எண்ணெய் விட்டாராம்.