கடைசியாகத் திருத்தியவர்

கடைசியாகத் திருத்தியவர்: றொசாந்தி

1

மேலே உள்ள வரியை நான் எழுதவில்லை. இந்தக் கதையே அந்த வரியிலிருந்துதான் பிறந்தது. எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்தில் எந்தக் கோப்பைச் சேமித்தாலும், கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் கணினி தானாகவே அதன் தலையில் பதிந்துவிடும். நிரல் எழுதுகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

எங்கள் அலுவலகத்தில் நிரல் எழுதிய றொசாந்தி போன மார்கழியில் டெங்குவில் இறந்துபோனாள். அவளுடைய மடிக்கணினியை எனக்குத் தந்தார்கள். அதில் இருந்த பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் எதை எழுதினாலும், எழுதியது அவள்தான். அவள் இறந்த கதையைக்கூட.

2

(முதலில் கடலில் தொடங்கினேன்: "குருநகர்க் கரையில் சோழகக் காற்று எழும்பிய அந்த..." கைவிட்டேன். எனக்குக் கடல் தெரியாது.)

பிரகாஸ் அவளுடைய தம்பி. எங்களோடுதான் வேலை செய்கிறான். வள்ளக்காரரின் கைபேசிக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் நிரல் றொசாந்தி எழுதியது. இந்த ஆவணியில் அதில் ஒரு பிழை தெரியவந்தது: எச்சரிக்கை பிந்திப் போகிறது. அவர்களுடைய அப்பா அடைக்கலநாதனும் அதை நம்பித்தான் கடலுக்குப் போகிறார்.

திருத்துவது சின்ன வேலை. ஆனால் திருத்தினால் தலையில் அவள் பெயர் போய் இவன் பெயர் வந்துவிடும். பழைய பதிப்புகள் அழியாமல் இருக்கும், அது அவனுக்கும் தெரியும். என்றாலும் கோப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த ஒரு வரிதானே. காலையிலிருந்து திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"அக்கா, உங்கடை மிசினில இருந்து திருத்தினா அவளின்ரை பேர்தானே வரும்?"

"ஓம்."

"தேதி?"

"இண்டையான் தேதி."

தன் திரையிலிருந்த கோப்பை மறுபடி மூடினான். "தன்ரை பிழையைத் தானே திருத்தின மாதிரி இருக்கும். ஆனா சேமக்காலையில புதைச்சுக் கிடக்கிறவள் எப்பிடித் திருத்துவாள்?"

நான் மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினேன். அவன் தொடவில்லை.

3

இந்த இடத்தில் அப்பாவைக் கொண்டுவந்தேன். "பேர் என்னத்துக்கு மோனை, உயிர்தானே பெரிசு" என்று அவர் சொன்னதாக எழுதி, வெட்டிவிட்டேன். எனக்கு வசதியாக இருந்ததே தவிர, அவர் அப்படிக் கதைக்கிற மனிசன் இல்லை.

கடலிலிருந்து பிரகாஸுக்குக் கைபேசியில் எடுத்து அவர் உண்மையில் கேட்டது இதுதான்:

"காத்து ஒரு மாதிரிக் கிடக்குது தம்பி. றொசாந்தியின்ரை மெசேஜ் இன்னும் வரேல்லையே?"

பிரகாஸ் தன்னுடைய கணினிக்குத் திரும்பினான். திருத்திச் சேமித்தான். தலையில் அவன் பெயர் வந்தது. அதை அவன் பார்த்த விதத்தை எழுத எனக்கு...

உடனே அப்பா திரும்ப எடுத்தார்.

"றொசாந்தியின்ரை மெசேஜ் வந்திட்டுது. கரைக்கு வாறன்."

4

அவன் இந்த மடிக்கணினியிலேயே திருத்தியதாக இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கதை இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. பிழைகள் எனக்கே தெரிகின்றன, முடிவும் சரியில்லை. உங்கள் கணினியில் இதைத் திறந்து ஒரு புள்ளியை மாற்றினாலும் போதும், மேலே உங்கள் பெயர் வந்துவிடும்.

கை வைக்கிறீர்களா?