பவுடர் வாசம்

பிணவறையில் வேலை பார்ப்பவர்கள் மூக்கடியில் தைலம் தடவிக்கொள்வார்கள். அவனுக்குத் தைலம் கண்ணை எரித்தது. அதனால் முகக்கவசத்துக்குள் குழந்தைப் பவுடரைத் தூவிக் கட்டிக்கொண்டான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. தண்ணீரில் ஊறிப் புடைத்தது, வயிறு வெடித்துப் புழு நெளிந்தது எல்லாவற்றையும் பதினோரு வருஷம் அந்த வாசத்தோடுதான் கழுவினான்.

கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் ஒரு மகள். வீட்டிலிருந்தால் அவளைக் கீழே விடமாட்டான். நாலு மாதம் வரை பவுடரே கிடையாது, டாக்டர் கூடாதென்றாராம். ஐந்தாம் மாதம் மாமியார் வந்தாள். குளிப்பாட்டி, கழுத்திலும் கக்கத்திலும் அப்பி, அவன் கையில் கொடுத்தாள். கன்னத்துக்குக் குனிந்தவனுக்கு அடிவயிறு சுருண்டது. பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடி, வாசலில் கொட்டினான்.

"பெத்த புள்ளையப் பாத்து வாந்தி எடுக்கிற அப்பனை இன்னிக்குத்தான் பாக்குறேன். பொட்டப்புள்ளன்னா குமட்டுதோ?" என்றாள் மாமியார்.

அப்புறம் இரண்டு தடவை. மூன்றாவதில் குழந்தையின் சட்டையும் நனைந்துவிட்டது.

மனைவி பெட்டியை எடுத்துவிட்டாள். "நாளைக்கு அண்ணன் வருது. நீங்க தூக்காத புள்ள இங்க எதுக்கு?"

பிணத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவன், அன்றுதான் புழு வரைக்கும் சொன்னான்.

"அட மண்டு! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றாள் மனைவி. பவுடர் டப்பா குப்பைக்குப் போனது.

மறுநாள் மச்சான் வண்டியோடு வந்து நின்றான். பெட்டி வாசற்படியில் இருந்தது. வெறும் தண்ணீரில் குளிப்பாட்டிய குழந்தையை மனைவி நீட்டினாள். "இப்பத் தூக்குங்க, பாப்போம்."

வாங்கிக்கொண்டான். பால் வாசம் மட்டும்தான். பொக்கை வாயால் சிரித்தது. அவனுக்கு அடிவயிறு மறுபடி சுருண்டது.

இதற்குப் படித்தவர்கள் ஏதாவது பேர் வைத்திருப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். மூன்று தடவையில் அந்த முகத்தையே வயிறு பாடம் பண்ணிவிட்டது, அவ்வளவுதான். நாய்க்குச் சொன்னாலும் புரியும், வயிற்றுக்கு யார் சொல்வது?

புளிப்பாக, சூடாக, வாய் நிறைய வந்தது. மனைவி, மச்சான், மாமியார் மூன்று பேர் கண்ணும் அவன் வாய்மேல். விழுங்கினான். கட்டியும் சளியுமாக மறுபடி வந்தது. அதையும் விழுங்கினான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"பெட்டிய உள்ள வை" என்றான், பல்லிடுக்கில்.