நாகையா ஏன் உட்கார்ந்தார்

1

நான் பதில் சொல்லாமல் நின்ற ஒரு கேள்வியிலிருந்து இந்தக் கதை வந்தது. கேட்டவர் கொட்டகை அதிகாரி ஹார்லோ துரை. நான் மலாய் நாட்டு ரயில்வேயின் பிரிக்ஃபீல்ட்ஸ் இஞ்சின் கொட்டகையில் அவருடைய கிராணி; எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும். வருஷம் 1927.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலில் இஞ்சின்கள் பெருமூச்சு விட்டன, அவற்றின் துயரம்..." இஞ்சினுக்குத் துயரம் கிடையாது. நீராவிதான். அடித்துவிட்டேன்.

இனி, நடந்தது. கிள்ளானுக்குச் சரக்கு வண்டி ஓட்டும் நாகையா இஞ்சினில் கால் வைக்கிறார். பின்னாலிருந்து துரை மலாயில் கேட்கிறார்: "பெர்கி மானா, நாகையா?" எங்கே போகிறாய்? நாகையா காலை எடுத்துவிடுகிறார். பெஞ்சுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு எழுகிறார். வண்டி தாமதம். மறுநாளும் இதே.

2

துரையைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அதனால் நம்பவில்லை.

அவர் பகாங்கில் மலாய்க்காரர்களோடு இருந்தவர். எதிர்ப்படுகிறவரை எங்கே என்று கேட்பது அங்கே மரியாதை. அந்த மரியாதையைத்தான் நாகையாவுக்கும் செய்தார்.*

* நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

3

துரையின் அறை. அவருக்கும் நாகையாவுக்கும் நடுவில் நான்.

"அன்பாகக் கேட்டால் முதுகைக் காட்டிவிட்டுப் போய் உட்காருகிறான். இன்னொரு தடவை உட்கார்ந்தால் கரி அள்ள அனுப்பிவிடுவேன். அவனிடம் சொல்."

சொன்னேன்.

"எங்க போகணும்னு சீட்டு எழுதிக் கொடுத்ததே அவருதானே, கிராணி தம்பி? அப்புறம் என்ன எங்கேன்னு கேள்வி?" என்றார் நாகையா. குரல் இறங்கியது. "நான் ஒண்டியாவா போறேன்? கூட கரி போடுற பயர்மேனும் புள்ளகுட்டிக்காரன். ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

மொழிபெயர்த்தேன். துரை என்னைப் பார்த்தார்.

"நீ கிறிஸ்தவன். கல்லூரியில் படித்தவன். நீ இதை நம்புகிறாயா? நம்பினால் சொல், கேட்பதை விட்டுவிடுகிறேன்."

4

[இந்தப் பத்தியை வெட்டினேன். வெட்டியது தெரியட்டும்.

என் மனைவி செசிலியா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மா நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. அவளும் குழந்தையும்]

5

ஒரு முடிவு: "நம்புகிறேன்" என்கிறேன். பொய். நாகையா இஞ்சினில் ஏறுகிறார்.

இன்னொன்று: "இல்லை" என்கிறேன். நாகையா கரி அள்ளுகிறார். நான் உண்மை பேசியவன்.

மூன்றாவதாக ஒன்றைத் தேடினேன். துரைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நாகையா, இங்கிலீஷ் புரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். செசிலியாவின் அடக்கத்தன்று வந்து, சாவு வீட்டு முறைப்படி, சொல்லிக்கொள்ளாமல் போனவர் அவர்.

என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். துரைக்குப் பதில் சொல்லுங்கள். நான் கிளம்புகிறேன்.

எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.